ட்ரோ கேக்கிறது, க்ளொக்கை நிப்பாட்டுறது: முதல் முதலா செஸ் டூர்ணமெண்ட் போறவங்களுக்கு

திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு விறாந்தையில சனிக்கிழமை பின்னேரம் ஏழெட்டுப் பிள்ளைகள் செஸ் விளையாட வருவாங்க. ஓப்பனிங் எல்லாம் யூடியூப் பாத்து என்னைவிட நல்லாத் தெரியும் அவங்களுக்கு, ஆனா வலய மட்டப் போட்டிக்குப் போய்த் தோத்து வந்து அழுதழுது சொல்லுற கதைகள் ஓப்பனிங் பற்றினதா இருக்காது. "அவன் ட்ரோ (சமநிலை) எண்டு சொன்னவன் சேர், பிறகு நான் சொல்லவே இல்லை எண்டுட்டான்." "அவளிட்ட ஒரு குதிரை மட்டும்தான் சேர் இருந்தது, எனக்கு டைம் முடிஞ்சதெண்டு தோல்வி போட்டுட்டாங்க." "மூண்டு தரம் ஒரே பொசிசன் வந்தது, ஆர்பிட்டர் (நடுவர்) ஏத்துக்கொள்ளேல்ல."

எனக்கும் நடந்தது. கொழும்பில ஒரு ஓபன் டூர்ணமெண்ட், கோட்டை முடிவாட்டத்தில நான் ஒரு சிப்பாய் குறைவு, நல்லா மாரடிச்சு மூண்டாந்தரம் அதே பொசிசனைக் கொண்டுவந்தன் (ஒரே பொசிசன் மூண்டு தரம் வந்தா ட்ரோ கேக்கலாம்), கோட்டையைத் தூக்கி வச்சு க்ளொக்கையும் அடிச்சுட்டு கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட்டன். அவர் வந்து க்ளொக்கைப் பாத்திட்டு "இப்ப உங்கட முறை இல்லையே" எண்டார். அவ்வளவுதான். எதிராளி வேற மூவ் விளையாடினார், நான் தோத்தன். பொசிசன் உண்மையாவே மூண்டு தரம் வந்ததுதான், அதில ஒரு பிழையும் இல்லை, பிழைச்சது என்ர கையிட ஒழுங்கு: எழுதி, கூப்பிட்டு, பிறகு செய்ய வேண்டியதை நான் செய்து, அடிச்சு, பிறகு கூப்பிட்டன். இந்த ஒழுங்கைத்தான் இங்க எழுதப்போறன், ஏனெண்டா இதை ஆரும் பிள்ளைகளுக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கிறதா நான் காணேல்ல. சொல்லுறதெல்லாம் 2023 ஜனவரி 1இல இருந்து நடைமுறையில இருக்கிற ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) சட்டப்படி.

வீட்டில இருந்து வெளிக்கிட முதல்

டூர்ணமெண்ட் நோட்டீசில 90+30, 15+10, 10+0 எண்டு ஏதாவது போட்டிருக்கும். முதல் எண் மொத்த நிமிசம், ரெண்டாவது ஒவ்வொரு மூவுக்கும் சேர்ற செக்கன். இது எந்த வகை எண்டு பாக்க ஒரு கணக்கு இருக்கு: 60 மூவ் எண்டு வச்சு ரெண்டாவது எண்ணால பெருக்கி முதல் எண்ணோட கூட்ட வேணும். 15+10 எண்டா 15 நிமிசமும் 600 செக்கனும், அதாவது 25 நிமிசம், அது ரெப்பிட். 10 நிமிசத்துக்கு மேல 60 நிமிசத்துக்குள்ள எண்டா ரெப்பிட், 60உம் அதுக்கு மேலயும் ஸ்டாண்டர்ட், 10 நிமிசமோ அதுக்குக் குறைவோ எண்டா பிளிட்ஸ். இதில கனபேர் கோட்டை விடுறது 10+0இல, அதை ரெப்பிட் எண்டு நினைச்சுக்கொண்டு வாறாங்க, சட்டப்படி அது பிளிட்ஸ், பிழை விட்டா எதிராளிக்குக் கூடுற தண்டனை நேரமும் அதுக்கேற்ற மாதிரி மாறும் (மற்ற ஆட்டங்களில ரெண்டு நிமிசம் எண்டா பிளிட்ஸில ஒரு நிமிசம்).

ஏற்பாட்டாளரிட்ட கட்டாயம் மூண்டு விசயம் கேளுங்க. ஒண்டு, எத்தனை நிமிசம் பிந்தி வந்தா தோல்வி போடுவாங்க, இதை ஒவ்வொரு டூர்ணமெண்டும் தானே முன்கூட்டி அறிவிக்க வேணும், பூச்சியம் எண்டு போட்டிருந்தா ரவுண்ட் தொடங்கிற நேரத்துக்கு கதிரையில இருக்க வேணும். கிண்ணியாப் பாலம் 2009இல திறக்க முதல் மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளைகள் ஃபெரிக்கு நிண்டு டவுனுக்கு வந்து சேர்ற பாட்டை நான் கண்டனான், இப்ப அந்தக் கஷ்டம் இல்லை, ஆனா கொழும்புக்கு இரவு ரெயிலை நம்பி விடிய ரவுண்டுக்குப் போறது இப்பவும் ஆபத்துத்தான், முடிஞ்சா முதல் நாளே போயிடுங்க. ரெண்டாவது, இத்தனை மூவுக்கு முதல் ட்ரோ பேசக்கூடாது எண்டு ஏதும் இருக்கா. சில டூர்ணமெண்டில 30 மூவ் எண்டு வைப்பாங்க, சிலதில ஆர்பிட்டரைக் கேக்காமப் பேசவே ஏலாது. 2005இல பல்கேரியாவிட சோபியாவில நடந்த டூர்ணமெண்டில இருந்து இந்த மாதிரி ரூலுக்கு சோபியா ரூல் எண்டே பேர். மூண்டாவது, இன்கிரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் சேர்ற செக்கன்) இல்லாத ஆட்டம் எண்டா கடைசி ரெண்டு நிமிச விதி இருக்கா எண்டு. அதைக் கீழ சொல்லுறன்.

ட்ரோ கேக்கிற ஒழுங்கு

உங்கட மூவை போட்டில (பலகையில) விளையாடுங்க. க்ளொக்கை இன்னும் அடிக்க வேண்டாம். "ட்ரோ?" எண்டு ஒரு தரம், எதிராளிக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க. பிறகு க்ளொக்கை அடியுங்க. ஸ்கோர் சீட்டில (மூவுகளை எழுதுற தாளில) அந்த மூவுக்குப் பக்கத்தில (=) எண்டு போடுங்க. எதிராளியும் தன்ர சீட்டில அதே குறியைப் போட வேணும். பிறகு "நான் கேக்கேல்ல", "நீ கேட்டனீ" எண்டு இழுபறி வந்தா ஆர்பிட்டர் முதல்ல தேடுறது அந்தச் சின்னக் குறியைத்தான், எங்கட பிள்ளைகளிட சீட்டில நான் அதை அநேகமாக் காண்றதே இல்லை.

கேட்டதைத் திருப்பி வாங்க ஏலாது. "கேட்டனான்தான், ஆனா இப்ப வேண்டாம்" எண்ட கதை செல்லாது. எதிராளி ஓம் எண்டு சொல்லும்வரை, அல்லது வாயால வேண்டாம் எண்டு சொல்லும்வரை, அல்லது விளையாடுற எண்ணத்தில ஒரு பீஸைத் தொடும்வரை, அல்லது ஆட்டம் வேற விதமா முடியும்வரை அந்த ஓபர் உயிரோட இருக்கும். நிபந்தனையும் போட ஏலாது, "இந்த மூவை விளையாடினா ட்ரோ" எண்டெல்லாம் பேரம் பேசக்கூடாது.

மூவ் விளையாட முதலே ஒருத்தர் உங்களிட்ட ட்ரோ கேட்டா பதட்டப்பட வேண்டாம், "முதல்ல மூவை விளையாடுங்க" எண்டு சொல்லிட்டு இருங்க, அவர் விளையாடினதைப் பாத்து முடிவெடுங்க, ஓபர் அப்பவும் நிக்கும், அவர் நல்ல மூவைக் கண்டுபிடிச்சிட்டார் எண்டதுக்காக அதைப் பின்வாங்க ஏலாது. நீங்க யோசிச்சுக்கொண்டிருக்கேக்க கேட்டாலும் ஓபர் செல்லும், ஆனா அது உங்களைக் குழப்புறதாக் கணக்கெடுக்கப்படலாம். அதே மாதிரி ஒவ்வொரு மூவுக்கும் "ட்ரோ? ட்ரோ?" எண்டு நச்சரிக்கிற ஆள் வந்தா சண்டைக்குப் போகாம ஆர்பிட்டரைக் கூப்பிடுங்க, நியாயமில்லாத ட்ரோ ஓபரும் எதிராளியைத் தொந்தரவு செய்யிறதுக்குள்ளதான் வரும், எச்சரிக்கை குடுக்கலாம், உங்களுக்கு நேரமும் கூட்டித் தரலாம்.

இப்ப எங்கட ஊர்ப் பிரச்சினை ஒண்டு. தலையாட்டுறது. நாங்க ஓம் எண்டுறதுக்கும் ஆட்டுவம், விளங்குது எண்டுறதுக்கும் ஆட்டுவம், யோசிக்கேக்க சும்மாவும் ஆட்டுவம். எதிராளி தலையாட்டினதை ஓம் எண்டு எடுத்துக் க்ளொக்கை நிப்பாட்டி பீஸ்களைக் கலைச்சுப் போட்ட பிள்ளையை எனக்குத் தெரியும், கலைச்ச பிறகு மற்றவர் "நான் ஒத்துக்கொள்ளவே இல்லை" எண்டு நிண்டிட்டார். கை குடுக்கிறதும் அப்பிடித்தான், ஒருத்தர் ட்ரோவுக்கு எண்டு கை நீட்டுவார், மற்றவர் எதிராளி ரிசைன் பண்ணுறார் (தோல்வியை ஒத்துக்கொள்ளுறார்) எண்டு நினைச்சுக் குலுக்குவார். அதால வாயால "ஓம், ட்ரோ" எண்டு கேக்கும்வரை க்ளொக்கில கை வைக்க வேண்டாம், பீஸைத் தொடவும் வேண்டாம். எதிராளி சிங்களப் பிள்ளையா இருந்தாலும் ட்ரோ எண்ட சொல் ரெண்டு பேருக்கும் பொதுதான், திரும்ப ஒருக்காக் கேட்டு உறுதிப்படுத்துறதில வெக்கமில்லை.

ரெண்டு பேரும் முன்கூட்டிப் பேசி வச்சு ட்ரோ எடுக்கிற வேலையும் வேண்டாம். கடைசி ரவுண்டில ரெண்டு பேருக்கும் மெடல் கிடைக்கும் எண்டு பெரியாக்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறதைக் கண்டு எனக்கு வயிறெரிஞ்சிருக்கு. 2023 டிசம்பர்ல சமர்கண்டில நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில டுபோவும் நெப்போம்னியாச்சியும் குதிரைகளைச் சுத்திச் சுத்தி ஆட்டி ட்ரோ எடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் பூச்சியம் போட்டாங்க.

மூண்டு தரம், அம்பது மூவ்

என்னைத் தோக்க வச்ச இடம் இது, கொஞ்சம் மெதுவா வாசியுங்க.

மூண்டு தரம் எண்டா அடுத்தடுத்து வர வேணும் எண்டில்லை, மூவ் திரும்புறதும் இல்லை, பொசிசன் திரும்ப வேணும். அதே பீஸ்கள் அதே கட்டங்களில, அதே ஆளிட முறை, கேசில் பண்ணுற உரிமையும் போற வழியில சிப்பாயை வெட்டுற உரிமையும் அதே மாதிரி இருக்க வேணும். 1971இல புவனஸ் அயர்ஸில பிஷரும் பெட்ரோசியனும் விளையாடின கண்டிடேட்ஸ் இறுதியிட மூண்டாவது ஆட்டம் இப்பிடித்தான் முடிஞ்சது, பெட்ரோசியன் நல்ல நிலையில இருந்தும் நேர நெருக்கடியில பொசிசன் திரும்பினதைக் கவனிக்கேல்ல, பிஷர் கிளெய்ம் பண்ணி (விதிப்படி உரிமை கோரி) ட்ரோ எடுத்தார்.

ஒழுங்கு ரெண்டு விதம். எதிராளி விளையாடின மூவால மூண்டாந்தரம் வந்திட்டுது, இப்ப உங்கட முறை: ஒரு பீஸையும் தொடாம க்ளொக்கை நிப்பாட்டி ஆர்பிட்டரைக் கூப்பிடுங்க. உங்கட மூவாலதான் மூண்டாந்தரம் வரப்போகுது: அந்த மூவை ஸ்கோர் சீட்டில எழுதுங்க, போட்டில விளையாட வேண்டாம், க்ளொக்கை நிப்பாட்டுங்க, ஆர்பிட்டரிட்ட "இந்த மூவை விளையாடப் போறன், மூண்டாந்தரம் வரும்" எண்டு சொல்லுங்க. எழுதின மூவை மாத்த ஏலாது. பீஸைத் தொட்டா அந்த மூவுக்குக் கிளெய்ம் பண்ணுற உரிமை போச்சு. கிளெய்ம் சரி எண்டா உடனே ட்ரோ, பிழை எண்டா எதிராளிக்கு ரெண்டு நிமிசம் கூடும், நீங்க எழுதின மூவையே விளையாடவும் வேணும். கிளெய்ம் பண்ணினாலே அது ட்ரோ ஓபர் மாதிரித்தான், ஆர்பிட்டர் சீட்டைப் பாக்க முதலே எதிராளி ஓம் எண்டா கதை முடிஞ்சுது.

அம்பது மூவ் விதிக்கும் இதே ஒழுங்குதான், ரெண்டு பேரும் அம்பது அம்பது மூவ் விளையாடியிருக்க வேணும், அதுக்குள்ள ஒரு சிப்பாயும் நகராம, ஒரு பீஸும் வெட்டுப்படாம. சின்ன வயசில எங்கட வீட்டில ராஜா தனிச்ச உடன "ஒண்டு, ரெண்டு" எண்டு சத்தமா எண்ணத் தொடங்குவம், 16 எண்டுறவரும் இருந்தார், 20 எண்டுறவரும் இருந்தார். டூர்ணமெண்டில அப்பிடி ஒண்டும் இல்லை, சத்தமா எண்ணினா எதிராளியைக் குழப்பினதா உங்களுக்குத்தான் எச்சரிக்கை வரும். சீட்டில எழுதியிருந்தா எண்ணவே தேவையில்லை.

ஆரும் கிளெய்ம் பண்ணாட்டியும் அஞ்சு தரம் பொசிசன் வந்தாலோ 75 மூவ் போனாலோ ஆட்டம் ட்ரோதான், அதை ஆர்பிட்டரே நிப்பாட்டலாம். ஒன்லைனில சில சைட்டில மூண்டாந்தரத்திலயே தானா ட்ரோ ஆகிடும், அந்தப் பழக்கத்தில நேர போட்டில வந்து க்ளொக் தானா நிக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தா ஒண்டும் நடக்காது.

ரெப்பிட்டில எழுதிறது கட்டாயமில்லை, எழுதேல்ல எண்டதால கிளெய்ம் உரிமை போறதும் இல்லை, ஆனா சீட் இல்லாம எப்பிடிக் காட்டுறது? பொசிசன் திரும்பத் தொடங்கின உடன ஆர்பிட்டரிட்ட ஒரு சீட் கேட்டு எழுதத் தொடங்குங்க, கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில 30 செக்கன் இன்கிரிமென்ட் இருந்தா கடைசி மூவ் வரைக்கும் எழுத வேணும். இன்கிரிமென்ட் அதைவிடக் குறைவு எண்டா அல்லது இல்லை எண்டா அஞ்சு நிமிசத்துக்குக் கீழ வந்த பிறகு எழுதாம விடலாம்.

டைம் விழுந்தா

டைம் முடிஞ்சவர் தோல்வி. ஆனா மற்றவரால எந்த விதமான சட்டபூர்வமான மூவுகளாலயும் மேட் பண்ணவே ஏலாத நிலை எண்டா ட்ரோ. "எந்த விதமான" எண்ட அந்தச் சொல்லில நிண்டு கவனமா யோசியுங்க. நல்லா விளையாடினா ட்ரோ வரும் எண்டதில்லை கேள்வி, ரெண்டு பேரும் சேர்ந்து முட்டாள்தனமா விளையாடினாக்கூட மேட் வருமா எண்டதுதான். எதிராளியிட்ட ராஜா மட்டும் எண்டா உங்கட டைம் விழுந்தாலும் ட்ரோ. அவரிட்ட ராஜாவும் குதிரையும், உங்களிட்ட ராஜாவும் ஒரு சிப்பாயும் எண்டா நீங்க தோல்வி, ஏனெண்டா உங்கட சிப்பாயே உங்கட ராஜாவுக்கு வழியை அடைச்சு நிக்க மேட் வரக்கூடிய பொசிசன் இருக்கு. குதிரைக் கதையோட வந்து அழுத அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான், ஆர்பிட்டர் சரி. சில ஒன்லைன் சைட்டில தனிக் குதிரைக்கு ட்ரோ குடுக்கிறதால பிள்ளைகள் நல்லாக் குழம்பிப் போறாங்க.

இதில பெரியாக்களும் பிழை விட்டிருக்காங்க. 2008இல நல்ச்சிக்கில நடந்த பெண்கள் உலக சம்பியன்சிப்பில மொனிக்கா சொச்கோவுக்கும் சபீனா போய்சோருக்கும் இடையில கடைசித் தீர்மான ஆட்டம், போட்டில ரெண்டு ராஜாவும் ரெண்டு குதிரையும் மட்டும், போய்சோரிட டைம் விழுந்திட்டுது. ஆர்பிட்டர் முதல்ல ட்ரோ எண்டார். சொச்கோ அப்பீல் பண்ணினார், குதிரைக்கு எதிர் குதிரையில மேட் வரக்கூடிய பொசிசன் இருக்கு எண்டு ஏத்துக்கொண்டு அவருக்கு வெற்றி குடுத்தாங்க.

எதிராளியிட டைம் விழுந்தா ஆர்பிட்டர் காணுவார் எண்டு பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம், நீங்களே க்ளொக்கை நிப்பாட்டிச் சொல்லுங்க. டைம் விழுந்ததா ஆரும் சொல்லவோ ஆர்பிட்டர் காணவோ முதல் ரெண்டு பேரும் ட்ரோ எண்டு ஒத்துக்கொண்டிட்டா அந்த ட்ரோ நிக்கும். போட்டில மேட் விழுந்திட்டா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது, மேட் பண்ணின மூவுக்குப் பிறகு க்ளொக் அடிக்கேல்ல எண்டு ஆரும் வாதாட ஏலாது.

கடைசி ரெண்டு நிமிச விதி இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டத்துக்கு மட்டும், அதுவும் முன்கூட்டி அறிவிச்சிருந்தா மட்டும். உங்கட முறை, ரெண்டு நிமிசத்துக்குக் குறைவா இருக்கு, எதிராளி முன்னேற ஒண்டும் செய்யாம உங்கட டைமை விழுத்துறதுக்காகவே கோட்டையை அங்கயும் இங்கயும் தள்ளிக்கொண்டிருக்கிறார் எண்டா, டைம் விழ முதல் க்ளொக்கை நிப்பாட்டி ட்ரோ கேக்கலாம். அல்லது ரெண்டு பேருக்கும் அஞ்சு செக்கன் இன்கிரிமென்ட் போடச் சொல்லிக் கேக்கலாம், ஆர்பிட்டர் ஒத்துக்கொண்டா எதிராளிக்கு மேலதிகமா ரெண்டு நிமிசமும் போகும். விழுந்த பிறகு கேட்டு வேலையில்லை.

க்ளொக்கில கை

மூவ் விளையாடின கையாலதான் க்ளொக்கையும் அடிக்க வேணும். விரலைப் பட்டனுக்கு மேல காத்திருக்க வைக்கக்கூடாது. ரெண்டு கையால கேசில் பண்ணி அடிச்சாலும், மூவே விளையாடாம அடிச்சாலும் அது சட்டவிரோத மூவாக் கணக்கு, முதல் தரம் எதிராளிக்கு ரெண்டு நிமிசம், ரெண்டாந்தரம் தோல்வி. பீஸைத் தட்டி விழுத்தினா உங்கட டைமிலயே நிமித்தி வச்சிட்டுத்தான் அடிக்க வேணும்.

க்ளொக்கை நிப்பாட்டுறது ஆர்பிட்டரிட உதவிக்கு மட்டும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போகுது, பக்கத்தில ராணி இல்லை, இந்த நேரம்தான் நிப்பாட்டிற நேரம். 2017இல கனடா சம்பியன்சிப் தீர்மான பிளிட்ஸ் ஆட்டத்தில நொரிட்சினுக்குச் செக்கன்கள்தான் மிச்சம், ராணி எதிராளி சம்புயேவிட கையில இருந்திருக்கு, தேடிக் கிடைக்காம ஒரு கோட்டையைத் தலைகீழா வச்சு ராணி எண்டார். ஆர்பிட்டர் அது கோட்டை எண்டார். அந்த ஆட்டம் போச்சு. ரெண்டு செக்கன் இருந்தாலும் நிப்பாட்டிப் போட்டு ராணி கேளுங்க, நிப்பாட்டின க்ளொக்கில டைம் ஓடாது.

ஆர்பிட்டர் வந்தா

மாகாண மட்டம், தேசிய மட்டம் எண்டு போகேக்க ஆர்பிட்டருக்குத் தமிழ் தெரியாம இருக்கலாம், பிள்ளை சரியா இருந்தும் வாய் திறக்காம நிண்டு தோக்கிறதை நான் ஒண்டுக்கு மேற்பட்ட தரம் கண்டிட்டன். எங்கட பிள்ளைகளுக்கு நான் மூண்டு சொல் பாடமாக்க வைக்கிறன்: "கிளெய்ம் ட்ரோ, த்ரீ டைம்ஸ்", "டைம் ஓவர்", "இல்லீகல் மூவ்". கையை உயர்த்தி இதைச் சொன்னாப் போதும், மிச்சத்துக்கு சீட் கதைக்கும். ஆர்பிட்டர் வரும்வரை எதிராளியோட வாய்த்தர்க்கம் வேண்டாம், பீஸ்களையும் அசைக்க வேண்டாம், பொசிசன் கலைஞ்சா உங்கட நியாயமும் அதோட கலைஞ்சு போகும்.

அம்மா அப்பாமாருக்கும் ஒண்டு: ஜன்னலுக்குப் பக்கத்தில நிண்டு கையால சைகை காட்ட வேண்டாம், பாத்துக்கொண்டு நிக்கிற ஆக்கள் ஆட்டத்தில தலையிட ஏலாது, அதால தண்டனை உங்கட பிள்ளைக்கும் வரலாம். ஆட்டம் முடிச்ச மற்றப் பிள்ளைகளும் பார்வையாளர் கணக்குத்தான். டீம் போட்டியில மட்டும் கப்டன் ட்ரோ கேள், ட்ரோவை ஏத்துக்கொள் எண்டு சொல்லலாம், அதுக்கு மேல பொசிசனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது.

முடிவு பிழை எண்டு நினைச்சா அப்பீல் பண்ணலாம், எத்தனை நிமிசத்துக்குள்ள, காசு கட்ட வேணுமா எண்டெல்லாம் டூர்ணமெண்ட் விதியில இருக்கும், அடுத்த ரவுண்ட் தொடங்க முதல் ஓடிப்போய் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட முதல் ரெண்டு சீட்டிலயும் அரைப் புள்ளி எண்டு சரியா எழுதியிருக்கா எண்டு பாருங்க, பிழையான ரிசல்ட்டில கையெழுத்துப் போட்டா ஆர்பிட்டர் மாத்தினாலொழிய அதுதான் நிக்கும். பிறகு ஹோலை விட்டு வெளிக்கிட முதல் சுவரில ஒட்டியிருக்கிற ரிசல்ட்டில உங்கட பேருக்கு நேர என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாத்திட்டுப் போங்க.